கைப்பையில் யாருடைய கை?

அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல்பொருள் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பை தைத்தாள். நைனா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றார். நான் படித்தேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா எனக்கு ஒரு கைப்பை கொடுத்தாள். பழுப்பு நிறத் தோல் பை. கைப்பிடி ஓரத்தில் தையல் ஒரு நூல் அளவு விலகிப் போனதால் ஏற்றுமதிக்குப் போகாமல் ரிஜெக்ட் ஆன சரக்கு. கம்பெனி அதைச் சும்மா தரவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பதினெட்டு வருஷத்தில் அவள் கைக்குச் சொந்தமாக வந்த முதல் பை அது. அதையும் எனக்குத் தந்துவிட்டாள்.

நான் அதை எடுத்துப் போகவில்லை. பீரோவில் வைத்துவிட்டு, தோளில் ஒரு ஜோல்னா பையை மாட்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம் எளிமை என்றேன். கூட்டங்களில் நுகர்வுக் கலாச்சாரத்தைப் பற்றிப் பேசினேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு அம்மா ஒருநாள் கேட்டாள்: “இன்னாடி, அந்தப் பை நாத்தம் அடிக்குதா?”

பை நாறவில்லை. புதுத் தோலின் வாசனைக்காகவே காசு கொடுக்கிற உலகம் இது. நான் பயந்தது வேறு. ஆசிரியர் அறையில் யாராவது “நல்லா இருக்கே, எங்க வாங்கினது?” என்று கேட்பார்கள். ஊரைச் சொல்ல வேண்டும். ஊரைச் சொன்னால் அப்பா என்ன வேலை என்பார்கள். அதைச் சொன்னால் தெருவைச் சொன்ன மாதிரி. ஜோல்னா பை என் கொள்கை என்று நான் சொல்லிக்கொண்டது பொய். அது என் ஒளிவிடம்.

அம்மாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பிறகு கைப்பையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நாகரிகம், அழகு, ரசனை என்ற தலைப்புகளில் எழுதப்பட்ட வரலாறு அது. அதை நம் கண்ணால் வாசித்தால் என்ன தெரிகிறது என்று தோழர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

*

ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுப் பெண்களுக்குப் பொதுவாகக் கைப்பை கிடையாது. இடுப்பில் நாடா கட்டி, பாவாடைக்கு உள்ளே துணிப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாவாடையில் விட்ட பிளவு வழியாகக் கையை நுழைத்துக் காசு, சாவி, ஊசி, நூல் எல்லாம் எடுப்பார்கள். நம் ஆயாக்கள் இடுப்பில் செருகி வைத்த சுருக்குப்பைக்கு அது அக்கா தங்கச்சி முறைதான்.

1790களில் உடை மாறியது. உடம்போடு ஒட்டி விழும் மெல்லிய கவுன் வந்தது. உள்ளே பை கட்டினால் புடைத்துத் தெரியும். ஆகவே உள்ளே இருந்த பை வெளியே வந்தது. கயிறு போட்டுச் சுருக்கி, கையில் பிடித்து நடந்தார்கள். ரெடிக்யூல் என்று அதற்குப் பெயர். பிரான்சில் அதையே ‘ரிடிக்யூல்’ என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குக் கேலிக்கூத்து என்று அர்த்தம். பை பாவாடைக்குள் தொங்கியவரை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் தன் காசை ஊர் பார்க்கக் கையில் பிடித்து நடந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேறொரு ஊரில் இதே சிரிப்பைக் கேட்கப்போகிறோம்.

அந்தப் பைக்குள் இருந்ததும் சட்டப்படி அவளுடையது இல்லை. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் சம்பாதித்த கூலி அவளுக்கே சொந்தம் என்று ஆனது 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். சொத்து முழுதும் அவள் பெயரில் இருக்கலாம் என்பதற்கு 1882வரை காத்திருந்தார்கள். அதுவரை பை அவள் கையில் தொங்கும், உள்ளே இருக்கிற காசு புருஷனுடையது.

பிறகு ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தன. பயணம் பெருகியது. துணிப்பை போய்த் தோல்பை வந்தது. இன்று உலகமே வாயைப் பிளக்கும் எர்மேஸ் நிறுவனம் 1837இல் பாரிஸில் தொடங்கியபோது அது குதிரைச் சேணப் பட்டறை. லூயி வுய்த்தோன் 1854இல் தொடங்கியது பயணப் பெட்டிக் கடை. குதிரைக்குச் செய்த தையலைச் சீமாட்டிக்குச் செய்து பெரிய மனிதர் ஆனார்கள். அதில் தப்பில்லை. சேணம் தைத்தவன் என்று அங்கே யாரும் அவர்களை ஊருக்கு வெளியே வைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1955 பிப்ரவரியில் ஷனேல் அம்மையார் தோளில் மாட்டும் சங்கிலி வைத்த பையைக் கொண்டுவந்தார். பெண்ணின் இரண்டு கையும் விடுதலையானது என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி தன் கர்ப்பத்தைப் படம் எடுப்பவர்களிடமிருந்து மறைக்கப் பிடித்ததாகச் சொல்லப்படும் எர்மேஸ் பைக்கு அவர் பெயரே வந்தது. நடிகை ஜேன் பர்கினுக்காக எர்மேஸ் செய்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 86 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் காசில் 80 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு பை!

இந்த வரலாறு முழுக்கக் கைதான். பிடித்த கை, மறைத்த கை, விடுதலையான கை, ஏலத்தில் உயர்ந்த கை. தோலைத் தொட்ட கை மட்டும் எங்கும் காணோம்.

*

அந்தக் கையை நான் சொல்கிறேன்.

உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், ரத்தமும் உப்பும் போக. பிறகு சுண்ணாம்புக் குழி. சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்து மயிரைத் தின்னும். மயிரோடு சேர்த்து நிற்கிறவன் கால் விரல் இடுக்கையும் தின்னும். அப்புறம் உள்பக்கத்துச் சவ்வைச் சுரண்ட வேண்டும். அதன் பிறகுதான் பதனிடுதல். முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் ஊறும். சென்னை மாகாணத்தில் அப்படிப் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பல் ஏறியது. இப்போது குரோம். டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாளில் முடியும். தோல் நீலமாக வெளியே வரும். குரோமைக் கையாண்ட கையும் சும்மா இருக்காது. சிலருக்குச் சொறியும் புண்ணும் ஆறவே ஆறாது.

நைனா வீட்டுக்கு வந்தால் முதலில் சீயக்காய் போட்டுக் கை கழுவுவார். பிறகு எலுமிச்சம் தோல். பிறகு சோறு. அப்படியும் சோற்றில் அந்த வாடை இருக்கும். “பழகிப்போச்சி பாப்பா” என்பார். எனக்குப் பழகவில்லை. அதுதான் என் படிப்பு எனக்குத் தந்த முதல் கெட்ட புத்தி.

இங்கே தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு. பச்சைத் தோலைச் சுமந்தவன் தீட்டு. குழியில் நின்றவன் தீட்டு. அதே தோல் நீலமாகி, சாயம் ஏறி, மினுமினுப்பாகி, ஜிப் வைத்துக் கடைக் கண்ணாடிக்குள் உட்கார்ந்ததும் தீட்டு எங்கே போயிற்று? எந்தக் கட்டத்தில் கழிந்தது? எந்த டிரம்மில்?

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். தோல் பர்சும் தோல் கைப்பையும் உண்டியல்வரை போகின்றன. சபாவில் மிருதங்கம் மேடை ஏறுகிறது. அதில் மாட்டுத் தோலும் உண்டு, எருமைத் தோலும் உண்டு, ஆட்டுத் தோலும் உண்டு. அதைக் கட்டிக் கொடுத்தவர் எந்த மேடையில் உட்கார்ந்தார்?

தீட்டு பொருளில் இருந்தால் பொருளோடு போக வேண்டும். பொருள் பாரிஸ் போகிறது. தீட்டு மட்டும் சேரியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே தீட்டு தோலில் என்றைக்கும் இருந்ததில்லை. அது தோலைத் தொட்டவன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்குப் போட்ட கட்டளை. சாஸ்திரக்காரனுக்கும் இது தெரியும். கைவினைஞன் கையும், கடையில் விற்பனைக்குப் பரப்பி வைத்த சரக்கும் எப்போதும் சுத்தம் என்று மனு தன் ஐந்தாம் அத்தியாயத்திலேயே விதி எழுதி வைத்திருக்கிறான். சுவர் கட்டும்போதே தனக்கு வேண்டிய இடத்தில் வாசலும் வைத்துக்கொண்டவன் அவன். பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கு ஊருக்கு வெளியே இடமும், பிணத்தின் துணியும், உடைந்த பாத்திரமும், இரும்பு நகையும்.

நம்மையும் விட்டுவிடக் கூடாது. பறையில் கட்டியிருப்பதும் தோல்தான். ஆனாலும் பறை அடித்தவர்கள் தோல் உரித்தவர்களைத் தள்ளி வைத்த கதை நம் தெருக்களில் உண்டு. அருந்ததியர் வீட்டில் கை நனைக்க யோசித்த சொந்தக்காரர்கள் எனக்கும் இருக்கிறார்கள். மேலே இருக்கிறவனின் மூக்கை நாம் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். பீரோவில் பையை வைத்துப் பூட்டிய என் மூக்கும் அந்தக் கடன் மூக்குதான்.

*

இனி அம்மாவின் கம்பெனி வாசலுக்கு வருகிறேன்.

காலையில் ஒயர் கூடையில் சோத்து டப்பா, தண்ணீர் பாட்டில், மாத்திரை. சாயங்காலம் வெளியே வரும்போது செக்கிங். கூடையைக் கவிழ்க்க வேண்டும். டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். முந்தானையை உதற வேண்டும். ஒரு துண்டுத் தோல், ஒரு ஜிப் தலை, ஒரு பக்கிள் போய்விடக் கூடாதாம். மாதவிடாய்த் துணி வைத்திருந்த சின்னப் பையையும் ஒருநாள் பிரித்துப் பார்த்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாததை அன்று என்னிடம் சொன்னாள். “பொம்பளைதான் பாத்தா. ஆனா பின்னாடி ஆம்பளைங்க லைன்ல நின்னுனு இருந்தாங்கடி.”

நாள் முழுக்க ஜிப் தைக்கிறவள் தன் பையை மூடி வைக்க முடியாது. அன்றுதான் பை என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது. அலங்காரம் என்பதெல்லாம் அப்புறம். பை என்பது மூடி. “இதற்குள் இருப்பது என்னுடையது, நான் திறந்தால்தான் நீ பார்க்கலாம்” என்று சொல்கிற ஒரு சின்ன சுவர். கிரேஸ் கெல்லி தன் வயிற்றை மறைத்தார் என்றால் பைக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். என் அம்மா தன் துணியை மறைத்தால் திருட்டு என்கிறார்கள்.

எதை உடுத்தலாம், எதைப் பிடிக்கலாம், எதை மூடலாம் என்பதையெல்லாம் நமக்கு எப்போதும் அடுத்தவன் தீர்மானித்திருக்கிறான். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. தோலை உரித்து, பதனிட்டு, செருப்புத் தைத்துத் தருகிற சனத்தின் காலில் செருப்பு கூடாது என்று ஒரு தடை! அதை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1927 டிசம்பரில், மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த அந்த மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் நம் பெண்களிடம் தனியாகப் பேசினார். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி புடவை உடுத்துங்கள், சாதியை அடையாளம் காட்டும் கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். அவர் அங்கே ஃபேஷன் பேசவில்லை. பார்த்த உடனே சாதி தெரிகிற உடம்பு வேண்டாம் என்றார். அவருடைய கோட்டையும் பேனாவையும் பார்த்து எரிந்தவர்கள் இன்றும் எரிகிறார்கள்.

*

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருவோம்.

1995 ஜூன் மாதம் மாயாவதி உத்தரப்பிரதேச முதலமைச்சர் ஆனார். நாட்டில் முதல் தலித் பெண் முதலமைச்சர். பிறகு 1997, 2002, 2007 என்று மொத்தம் நான்கு முறை. லக்னோவில் அவர் எழுப்பிய நினைவிடங்களில் அம்பேத்கர், கான்ஷிராம் சிலைகளோடு அவருடைய சிலையும் உண்டு. சிலையின் கையில் கைப்பை. நாடு சிரித்தது. பத்திரிகைக் கார்ட்டூனில் பை, தொலைக்காட்சி நையாண்டியில் பை. 2012 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அந்தச் சிலைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது. அந்த வருஷம் ஜூலையில் லக்னோவில் ஒரு சிலையின் தலையை உடைத்தார்கள்.

பொதுப்பணத்தில் உயிரோடு இருக்கிறவர் தனக்கே சிலை வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. நானும் கேட்பேன். ஆனால் சிரித்தவர்கள் அந்தக் கேள்விக்காகவா சிரித்தார்கள்? இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சரும் பையோடுதான் ஆட்சி செய்தார். அவர் அமைச்சர்களை உருட்டி எடுத்ததற்கு ஆங்கிலத்தில் கைப்பையை வைத்தே ஒரு வினைச்சொல் உண்டாக்கினார்கள். அவருடைய கறுப்புப் பை 2011இல் ஏலத்தில் 25,000 பவுண்டுக்குப் போனது. அங்கேயும் பெண் என்ற கேலி இருந்தது. ஆனால் அந்தப் பைக்கு அதிகாரம் என்று பொருள் கொண்டார்கள். இங்கே அதே பைக்குத் திருட்டு என்று பொருள் கொண்டார்கள். “உள்ளே என்ன வெச்சிருக்கா?” இதுதான் சிரிப்புக்கு அடியில் இருந்த கேள்வி. கம்பெனி வாசலில் என் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி. சமார் வீட்டுப் பெண் தோலைத் தொடலாம், பதனிடலாம், தைக்கலாம். பிடிக்கக் கூடாது. செய்கிற கையும் பிடிக்கிற கையும் ஒரே கையாக ஆகும்போதுதான் சாதிக்குச் சிரிப்பு வருகிறது. பயத்தை மறைக்கிற சிரிப்பு.

*

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் மறிப்பார்கள். கைப்பை பிடிப்பதா விடுதலை? முதலாளியின் ஆசையை நம் ஆசை ஆக்கிக்கொள்வதா? ஜோல்னா பை காலத்தில் நானும் இதையே பேசியவள் என்பதால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன்.

ஆடம்பரப் பையின் விலைக்கும் உழைப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது உண்மை. 2024 ஜூனில் இத்தாலியில் மிலான் நீதிமன்றம் டியோர் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்றைச் சில மாதங்கள் நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. 2,600 யூரோவுக்குக் கடையில் விற்ற பையைச் செய்து தர, தோல் முதலிய பொருள் செலவு நீங்கலாக, ஒப்பந்தப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று விசாரணையில் வந்தது. பட்டறையில் இருந்தவர்கள் புலம்பெயர்ந்த சீனத் தொழிலாளிகள். சாதி இல்லாத ஊரிலும் செய்கிற கையை மறைத்தே பை விற்கிறார்கள்.

நம் ஊரில் ஆறே போய்விட்டது. பாலாற்றுத் தண்ணீரைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தப் பையின் வரலாற்றிலும் அவர்கள் இல்லை.

அப்படியானால் தோலை விட்டே விலகிவிடலாமா? செத்த மாட்டை இழுக்காதே, தின்னாதே என்று 1927இலேயே மகாத்தில் சொல்லியாகிவிட்டது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் பிள்ளைகளைக் கட்டி வைத்து அடித்தார்கள். பதிலுக்கு மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உன் தாயை நீயே எடுத்து அடக்கம் செய் என்றார்கள். மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் ‘சமார்’ என்ற வசவையே கடைப்பெயராக வைத்து, தோல் தொழிலாளிகளோடு சேர்ந்து பழைய ரப்பரில் பை செய்து விற்கிறார். விட்டதும் போராட்டம்தான், பெயரை மாற்றாமல் பிடித்ததும் போராட்டம்தான். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். தீட்டு நம்மிடமும் லாபம் அவர்களிடமும் இருந்த ஏற்பாட்டை எது குலைக்கிறதோ, அது சரி.

ஆகவே என் பதில் இது. பை பிடிப்பதால் விடுதலை வந்துவிடாது. ஆனால் பிடிக்காதே என்று எங்களிடம் எளிமை பேசுவதற்கு முன், இத்தனை காலம் எளிமை எங்கள்மேல் சட்டமாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தடை போட்டு இல்லாமல் செய்ததைத் தியாகம் என்று சொல்ல முடியாது. ஒருவன் வேண்டாம் என்று விட, முதலில் அது அவன் கைக்கு வந்திருக்க வேண்டும். கைக்கு வந்த பிறகு நமக்கு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. பிடிக்கிற கை செய்கிற கையை மறக்கக் கூடாது. மறந்தால் நாமும் வாசலில் நின்று கூடையைக் கவிழ்க்கச் சொல்கிறவர்களோடு சேர்ந்துவிடுவோம்.

*

பையைப் பீரோவிலிருந்து எடுத்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அறையில் எதிர்பார்த்த கேள்வி மூன்றாம் நாளே வந்தது. “நல்லா இருக்கே மேடம், எங்க வாங்கினது?” எங்க அம்மா தச்சது என்றேன். எங்க நைனா பதனிட்ட தோலா இருந்தாலும் இருக்கும் என்றேன். கேட்டவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தொடுங்கள் என்றேன். திறக்க மட்டும் விடவில்லை.

சாயங்காலம் வீட்டில் உள் ஜிப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஆறு மாதம் முன்பே அம்மா அதற்குள் ஒன்றை வைத்திருக்கிறாள். வெறும் பையாகக் கொடுக்கக் கூடாதாம். என்ன வைத்திருந்தாள் என்று இங்கே எழுதப்போவதில்லை.